ஓஎஸ்பிஎஃப்பா ஐஎஸ்-ஐஎஸ்ஸா: டேட்டாபேஸைப் படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க

சிங்கப்பூர்ல நெட்வொர்க் வேலைல இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது. புதுசா ஒரு பேக்போன் (சைட்டுகளை இணைக்கிற முதுகெலும்பு நெட்வொர்க்) போடுறோம், இல்ல பழசைத் தூக்கிட்டு மாத்துறோம், உள்ளுக்குள்ள ரூட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற புரோட்டகாலா ஓஎஸ்பிஎஃப் ஓட்டலாமா ஐஎஸ்-ஐஎஸ் ஓட்டலாமா. கேட்டவுடனே எல்லாரும் ஃபீச்சர் லிஸ்ட்டை எடுத்துப் போடுவாங்க, எது ஃபாஸ்ட்டு, எது ஸ்கேல் ஆகும்னு. என்னைக் கேட்டா அந்த ஒப்பீடுல பெரிய வித்தியாசமே வராது, ரெண்டுமே லிங்க் ஸ்டேட், ரெண்டுமே காஸ்ட்டு கம்மியான வழியைக் கண்டுபிடிக்க டைக்ஸ்ட்ரா 1959ல எழுதுன அதே அல்காரிதம்தான் ஓட்டுது, இன்னைக்கு வர்ற ரூட்டர்ல நூத்துக்கணக்குல நோட் இருந்தாலும் கணக்குப் போட்டு முடிக்கிறது ஒரு விஷயமே இல்ல. நிஜமா வித்தியாசம் தெரியுற இடம் டேட்டாபேஸ். ராத்திரி 2 மணிக்கு மெயின்டெனன்ஸ் விண்டோல ரூட் வரல, ஷிஃப்ட்ல இருக்கிற தம்பியோ தங்கச்சியோ டேட்டாபேஸைத் திறந்து பாக்கணும், அதுல என்ன எழுதியிருக்குன்னு புரியணும். எதைப் படிக்க உங்க டீமுக்கு வருமோ அதைத் தேர்ந்தெடுங்கன்னு சொல்றதுதான் என் கட்சி, அதுக்குத்தான் ரெண்டு டேட்டாபேஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டப் போறேன்.

பேசுறதுக்கு ஒரு நெட்வொர்க்கை கற்பனை பண்ணிக்குவோம். தை செங்ல ஒரு டேட்டா சென்டர், ஜூரோங் பக்கம் இன்னொண்ணு, ஜொகூர்ல பேரிடர் நேரத்துக்கான பேக்கப் சைட், சென்னைல ஒரு ஆபீஸ். மொத்தம் ஒரு டஜன் ரூட்டர், சைட்டுக்கு ஒரு ஜோடி ஃபயர்வால். உள்ளூர் லிங்க் எல்லாம் 10 கிக், 100 கிக். சென்னைக்கு இன்டர்நெட் மேல ஐபிசெக் டனல் (என்கிரிப்ட் பண்ண பாதை). நம்ம ஊர்ல பாதி கம்பெனி கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

லிங்க் ஸ்டேட் டேட்டாபேஸ்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். ஒவ்வொரு ரூட்டரும் "நான் இன்னார், எனக்கு இந்த இந்த நெய்பர், இவ்ளோ காஸ்ட்டு, என்கிட்ட இந்த இந்த நெட்வொர்க்"னு எழுதி விடும், அது ஃபிளட் ஆகி அந்த ஏரியாவுல (நெட்வொர்க்கைப் பிரிச்ச ஒரு பகுதி) இருக்கிற எல்லார்கிட்டயும் அப்படியே போய்ச் சேரும். எல்லார்கிட்டயும் ஒரே காப்பி. அதை வச்சுதான் ஒவ்வொருத்தரும் தனித்தனியா எஸ்பிஎஃப் (மேல சொன்ன டைக்ஸ்ட்ரா கணக்கு) ஓட்டி ரூட் டேபிள் போட்டுக்கிறாங்க. ஆக ரூட் டேபிள் விடை மட்டும்தான், கணக்கு டேட்டாபேஸ்ல இருக்கு. ரூட் காணோம்னா ரூட் டேபிளையே முறைச்சுப் பாத்துட்டு இருக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

முதல்ல ஓஎஸ்பிஎஃப். இங்க டேட்டாபேஸ் ஃபார்ம் வகை வாரியா பிரிச்சு வச்ச அலமாரி மாதிரி, ஒரு ஆளைப் பத்தித் தெரியணும்னா நாலு டிராயரைத் திறக்கணும். ஒவ்வொரு ஃபார்முக்கும் எல்எஸ்ஏன்னு பேரு: டைப் 1 ரூட்டர் எல்எஸ்ஏ, டைப் 2 நெட்வொர்க், டைப் 3 பக்கத்து ஏரியா நெட்வொர்க், டைப் 4 ஏஎஸ்பிஆர் (வெளி ரூட்டை உள்ள கொண்டு வர்ற ரூட்டர்) எங்க இருக்கான்னு, டைப் 5 வெளில இருந்து ரீடிஸ்ட்ரிப்யூட் பண்ணது, டைப் 7 என்எஸ்எஸ்ஏ (டைப் 5 நுழையாத ஒரு வகை ஏரியா). ஒவ்வொண்ணுக்கும் 20 பைட் ஹெட்டர் ஒரே மாதிரி, ஆனா அதுல இருக்கிற லிங்க் ஸ்டேட் ஐடிக்கு டைப் மாறினா அர்த்தமும் மாறிடும். டைப் 1ல அது ரூட்டர் ஐடி. டைப் 2ல டிஆரோட (அந்த நெட்வொர்க்குக்குத் தலைவனா தேர்ந்தெடுத்த ரூட்டர்) இன்டர்ஃபேஸ் ஐபி. டைப் 3லயும் 5லயும் நெட்வொர்க் அட்ரஸ். டைப் 4ல ஏஎஸ்பிஆரோட ரூட்டர் ஐடி. புதுசா வர்றவங்க தடுமாறுறது முக்கால்வாசி இங்கதான், எல்லாமே பாக்க ஐபி அட்ரஸ் மாதிரி நாலு நம்பரா இருக்கும், எது ரூட்டர் எது நெட்வொர்க்னு பாத்தவுடனே தெரியாது.

தை செங் முதல் ரூட்டரோட டைப் 1ஐ மட்டும் திறந்து பாப்போம். அதுக்கு மூணு பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க் (ரெண்டே ரூட்டருக்கு நடுவுல), ஒரு லூப்பேக் (ரூட்டருக்குள்ளயே இருக்கிற மெய்நிகர் இன்டர்ஃபேஸ்). ஆனா "நம்பர் ஆஃப் லிங்க்ஸ் 7"ன்னு காட்டும். நாலுதானே இருக்கணும்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்கும் ரெண்டு தடவை எழுதப்படுது. முதல் வரி "எனக்கு இன்னார் நெய்பர்"னு: லிங்க் ஐடி 10.0.0.2, அது எதிர்ல இருக்கிறவனோட ரூட்டர் ஐடி, லிங்க் டேட்டா 172.16.1.0, அது என் பக்கத்து இன்டர்ஃபேஸ் ஐபி, மெட்ரிக் (அதாவது காஸ்ட்டு) 40. அடுத்த வரி "இந்த சப்நெட் என்கிட்ட இருக்கு"ன்னு: ஸ்டப் நெட்வொர்க், லிங்க் ஐடி 172.16.1.0, லிங்க் டேட்டாவுல இந்தத் தடவை மாஸ்க் 255.255.255.254, மெட்ரிக் அதே 40. மூணு ரெண்டு ஆறு, லூப்பேக் ஸ்டப் ஒண்ணு, ஏழு. இதை ஒரு தடவை கையால எண்ணிப் பாத்துட்டா ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் பயம் பாதி போயிடும், நிஜமாவே சொல்றேன், லேப்ல உக்காந்து ஒரு ரூட்டரை முழுசா இப்படிப் படிங்க.

அந்த லிங்க்கை பிராட்காஸ்ட்டாவே விட்டிருந்தா (பல ரூட்டர் சேர்ற லேன் மாதிரி, ஈதர்நெட்ல டிஃபால்ட் அதுதான்) கதை வேற. ரெண்டே ரூட்டர் இருக்கிற லிங்க்குக்கும் டிஆர், அதுக்கு மாத்தா பிடிஆர்னு எலெக்ஷன், டைப் 1ல நெய்பர் பேரே இருக்காது, டிஆர் ஐபி மட்டும் இருக்கும், அந்த ஐபியை எடுத்துட்டுப் போய் டைப் 2ல தேடினாத்தான் யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு தெரியும். ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற ஃபைபருக்கு இது தேவையே இல்ல. ஓஎஸ்பிஎஃப் போடுறதா இருந்தா எல்லா ரூட்டர்-டு-ரூட்டர் லிங்க்கையும் பாயின்ட்-டு-பாயின்ட் ஆக்கிடுங்க, டைப் 2 அலமாரி காலி ஆயிடும்.

இப்ப ஐஎஸ்-ஐஎஸ். அதே ரூட்டரைப் பத்தின எல்லாமே ஒரே எல்எஸ்பில (ரூட்டர் தன்னைப் பத்தி எழுதி அனுப்புற பாக்கெட்). ஐடி 0100.0000.0001.00-00ன்னு இருக்கும்: முதல் 6 பைட் சிஸ்டம் ஐடி, அடுத்தது சூடோநோட் நம்பர், பூஜ்யமா இருந்தா நிஜ ரூட்டர், இல்லன்னா லேன்ல டிஐஎஸ் (ஓஎஸ்பிஎஃப் டிஆர் மாதிரி) உருவாக்குன நோட், கோடுக்கு அப்புறம் ஃப்ராக்மென்ட் நம்பர். ஆனா நீங்க இந்த நம்பரைப் பாக்கப் போறதே கம்மி, ஏன்னா டிஎல்வி (எல்எஸ்பிக்குள்ள நம்பர் போட்ட ஒரு கட்டம்) 137ல ஹோஸ்ட்நேமும் சேர்ந்து ஃபிளட் ஆகுது, ஷோ அடிச்சா "தைசெங்-1.00-00"னு பேரோட வரும். ஓஎஸ்பிஎஃப்புக்கும் 2009ல ஆர்எஃப்சி (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம்) 5642ன்னு இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, ஆனா எல்லா பெட்டிலயும் கிடைக்காது. பேரோட வர்றது பாக்க சின்ன விஷயம்தான், ராத்திரி 2 மணிக்கு அது பெரிய விஷயம், எக்செல் ஷீட்டைத் திறந்து 10.0.0.7 எந்த ரூட்டர்னு தேட வேண்டியது இல்ல.

எல்எஸ்பிக்கு உள்ள போனா வரிசையா டிஎல்வி. ஏரியா 49.0001, ஹோஸ்ட்நேம், டிஎல்வி 22ல நெய்பரும் மெட்ரிக்கும், டிஎல்வி 135ல ஐபிவி4 பிரிஃபிக்ஸ், 236ல ஐபிவி6 பிரிஃபிக்ஸ். யாரோட கனெக்ட் ஆயிருக்குங்கிறது ஒரு இடம், என்ன அட்ரஸ் இருக்குங்கிறது வேற இடம், மேல பாத்த ஏழு லிங்க் குழப்பம் இங்க கிடையாது. இந்தப் பிரிவினையால இன்னொரு நல்லது: லூப்பேக் ஒண்ணு சேத்தா, ஐபி ஒண்ணு மாத்தினா, டோபாலஜி மாறலன்னு ரூட்டருக்குத் தெரியும், முழு எஸ்பிஎஃப் ஓட்டாம பிரிஃபிக்ஸ் கணக்கை மட்டும் போட்டுக்கும். ஓஎஸ்பிஎஃப்வி2ல அட்ரஸ் டைப் 1குள்ளயே கலந்து கிடக்கிறதால அது சுலபமில்ல. 1999ல ஆர்எஃப்சி 2740ஆ வந்து, 2008ல ஆர்எஃப்சி 5340ஆ புதுப்பிச்ச ஓஎஸ்பிஎஃப்வி3 (ஐபிவி6க்கான ஓஎஸ்பிஎஃப்) அட்ரஸை வெளில எடுத்து தனி எல்எஸ்ஏல போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது சீக்வென்ஸ் நம்பர், இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, அதனால கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன். ஓஎஸ்பிஎஃப்ல எந்த எல்எஸ்ஏவும் ஹெக்ஸ் 80000001ல ஆரம்பிக்கும், எந்த மாத்தமும் இல்லன்னாலும் 1800 செகண்டுக்கு ஒரு தடவை ரிஃப்ரெஷ் ஆகி நம்பர் ஒண்ணு கூடும். ஒரு நாளைக்கு 48. 32 நாள் அமைதியா ஓடுன ரூட்டர்னா 1536 தடவை, ஹெக்ஸ்ல அது 600, ஆக நம்பர் 80000601 பக்கத்துல இருக்கணும். அதே அப்டைம் இருக்கிற ரூட்டர் 80004000ன்னு காட்டுச்சுன்னா அங்க ஏதோ ஒரு லிங்க் ஆடிட்டே இருக்கு, இல்ல ரெண்டு ரூட்டருக்கு ஒரே ரூட்டர் ஐடி குடுத்து வச்சிருக்காங்க, ஒருத்தன் எழுதுறதை இன்னொருத்தன் அழிச்சு எழுதிட்டு இருக்கான். லாக் எல்லாம் உருண்டு போயிருந்தாலும் இந்த ஒரு நம்பர் சாட்சியா நிக்கும். ஜூனிப்பர்ல ரிஃப்ரெஷ் டிஃபால்ட் 50 நிமிஷம், அதனால வெண்டர் கலந்த நெட்வொர்க்ல கணக்கை அதுக்குத் தகுந்த மாதிரி போடுங்க. ஐஎஸ்-ஐஎஸ்ல வழக்கமா 900 செகண்டுக்கு ஒரு தடவை, நாளைக்கு 96, நம்பர் 00000001ல ஆரம்பிக்கும், 8 நாள்ல 00000301 பக்கம் வரும். வயசு காட்டுற விதமும் தலைகீழ்: ஓஎஸ்பிஎஃப்ல ஏஜ் 0ல இருந்து ஏறி 3600ல செத்துப்போகும், ஐஎஸ்-ஐஎஸ்ல 1200ல இருந்து இறங்கி பூஜ்யத்துல. ஐஎஸ்-ஐஎஸ்ல அதை 65535 செகண்ட் வரைக்கும், அதாவது 18 மணி நேரத்துக்கு மேல, நீட்டிக்கலாம், ரிஃப்ரெஷ் சத்தம் அடங்கிடும். ஓஎஸ்பிஎஃப்ல 3600ங்கிறது புரோட்டகால்லயே எழுதி வச்சது, நம்ம இஷ்டத்துக்கு நீட்ட முடியாது.

இந்த நம்பருக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்னா ஒரு பழைய கதை இருக்கு. 1980 அக்டோபர் 27ஆம் தேதி, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் மொத்தமும் மணிக்கணக்குல படுத்துச்சு. 50ஆம் நம்பர் நோட் அனுப்புன அப்டேட், 29ஆம் நம்பர் நோட்ல ஹார்டுவேர் கோளாறுல பிட் உதிர்ந்து, 44, 40, 8ன்னு மூணு சீக்வென்ஸ் நம்பரோட சுத்த ஆரம்பிச்சுது. அப்ப நம்பர் வெறும் 6 பிட், 63க்கு அப்புறம் திரும்ப 0ன்னு வட்டமா சுத்தும். அந்தக் கணக்குல 44 வந்து 40ஐ விட புதுசு, 40 வந்து 8ஐ விட புதுசு, 8 வந்து 44ஐ விட புதுசு. ஒவ்வொண்ணும் அடுத்ததைத் துரத்த, நெட்வொர்க் முழுக்க வேற வேலையே நடக்கல. எரிக் ரோசன் 1981ல ஆர்எஃப்சி 789ல இதை விலாவாரியா எழுதி வச்சிருக்கார், இந்தத் துறைல இருக்கிற எல்லாரும் ஒரு தடவை படிக்கணும். இன்னைக்கு ஓஎஸ்பிஎஃப்வி2, ஐஎஸ்-ஐஎஸ் ரெண்டுமே 32 பிட், வட்டமா சுத்தாத நேர்கோட்டு நம்பர் வச்சிருக்கு, அதனால இந்த விஷயத்துல ரெண்டும் சமம்.

சமம் இல்லாத இடம், சத்தமில்லாம உடையுற இடம். ஓஎஸ்பிஎஃப்ல ஒரு பக்கம் பிராட்காஸ்ட், எதிர்ப்பக்கம் பாயின்ட்-டு-பாயின்ட்னு வச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் ஹலோ (நான் இருக்கேன்னு சொல்ற பாக்கெட்) 10 செகண்ட், டெட் (ஹலோ வரலன்னா செத்ததா எடுத்துக்கிற நேரம்) 40தான், அதனால நெய்பர் ஃபுல்னு வந்து நிக்கும். எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா ரூட் வராது. டேட்டாபேஸைப் பாத்தாத்தான் தெரியும், ஒருத்தன் "எனக்கு நெய்பர் 10.0.0.2"ன்னு எழுதியிருப்பான், இன்னொருத்தன் "நான் ஒரு டிரான்ஸிட் நெட்வொர்க்ல இருக்கேன்"னு எழுதியிருப்பான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சொன்னாத்தான் எஸ்பிஎஃப் அந்த லிங்க்கை எடுத்துக்கும். சிஸ்கோவுல "அட்வ் ரூட்டர் இஸ் நாட்-ரீச்சபிள்"னு ஒரு வரி காட்டும், அது கண்ணுல பட்டா நேரா நெட்வொர்க் டைப்பைப் பாருங்க. ஐஎஸ்-ஐஎஸ்ல இந்தத் தப்பு நடக்க வழியே இல்ல, லேன் ஹலோவும் பாயின்ட்-டு-பாயின்ட் ஹலோவும் வேற வேற பாக்கெட், அட்ஜசன்சியே (நெய்பர் உறவு) வராது, உடனே தெரிஞ்சிடும். ஆனா ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கும் ஒரு ஊமைத்தனம் இருக்கு: ஒரு பக்கம் பழைய நேரோ மெட்ரிக், அடுத்த பக்கம் வைடுன்னா அட்ஜசன்சி வரும், எல்எஸ்பியும் வரும், ரூட் வராது. நேரோல லிங்க் மெட்ரிக் 63 தாண்டாது, வைடுல 24 பிட். எல்லா பெட்டிலயும் முதல் நாளே வைடுன்னு போட்டுட்டா இந்தப் பேச்சே இல்ல.

மெட்ரிக்னு வந்ததால ஒண்ணு. ரெண்டோட டிஃபால்ட்டும் இன்னைக்கு உதவாது. சிஸ்கோ ஐஓஎஸ்ல ஓஎஸ்பிஎஃப் ரெஃபரன்ஸ் (லிங்க் வேகத்தால வகுத்து காஸ்ட் போடுற எண்) 100 மெக், அப்ப 1 கிக், 10 கிக், 100 கிக் எல்லாமே காஸ்ட் 1. ஐஎஸ்-ஐஎஸ்ல எந்த லிங்க்கா இருந்தாலும் 10. நீங்களே போடணும். சிங்கப்பூருக்குள்ள கிழக்குல இருந்து மேற்குக்கு நேரா பாத்தா 50 கிலோமீட்டர்தான், ஃபைபர்ல கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட், ஒரு வழிக்குக் கால் மில்லிசெகண்ட்தான் வரும், அதனால உள்ளூர்ல பேண்ட்விட்த் வச்சு மெட்ரிக் போட்டா போதும். சென்னைக்கு 2002ல இருந்து ஓடுற ஐ2ஐ கேபிள் மாதிரி 3,200 கிலோமீட்டர் தாண்டினா ஒரு வழிக்கே 16 மில்லிசெகண்ட், அப்படிப்பட்ட லிங்க் சொந்தமா வச்சிருக்கிறவங்க டிலேயைக் கணக்குல எடுத்தே ஆகணும்.

ஐபிவி6 விஷயத்துல ஐஎஸ்-ஐஎஸ் சந்தேகமில்லாம ஜெயிக்குது. அதே எல்எஸ்பில இன்னொரு டிஎல்வி, அவ்ளோதான். ஓஎஸ்பிஎஃப்ல வி2 ஒரு டேட்டாபேஸ், வி3 இன்னொரு டேட்டாபேஸ், ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். வி3லயே ஐபிவி4ஐயும் ஓட்ட 2010ல ஆர்எஃப்சி 5838 வந்துச்சு, நல்ல வழிதான், எல்லா ஃபயர்வாலும் அதைப் பேசும்னு நம்பி இறங்காதீங்க. செக்மென்ட் ரவுட்டிங்கும் (பாக்கெட் போற வழியை அதுலயே எழுதி அனுப்புற முறை) அப்படித்தான், ஐஎஸ்-ஐஎஸ்ல சப்-டிஎல்வியா உள்ள உக்காந்துடும், ஓஎஸ்பிஎஃப்வி2ல தனியா ஒப்பேக் எல்எஸ்ஏக்கள் முளைக்கும், அலமாரில இன்னொரு டிராயர்.

ஆனா ஓஎஸ்பிஎஃப் பக்கம் கனமான ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, ஐஎஸ்-ஐஎஸ் ஐபி மேல ஓடாது, நேரா லேயர் 2 (ஈதர்நெட் அடுக்கு) மேல. வெளில இருந்து யாரும் ஐபி பாக்கெட் அனுப்பி அதைத் தொட முடியாதுங்கிறது பாதுகாப்புக்கு நல்லது, ஆனா அதே காரணத்தால சென்னைக்குப் போற ஐபிசெக் டனல்ல நேரா ஓட்ட முடியாது, நிறைய ஃபயர்வால்ல ஐஎஸ்-ஐஎஸ்ஸே கிடையாது. ரெண்டு, ஆளுங்க. சிசிஎன்ஏ (சிஸ்கோ சர்டிஃபிகேட் பரீட்சை) படிச்ச எல்லாருக்கும் ஓஎஸ்பிஎஃப் தெரியும், அந்தப் பரீட்சைல ஐஎஸ்-ஐஎஸ் கிடையாது. டெல்கோல வேலை பாத்தவங்களை விட்டா இங்க ஐஎஸ்-ஐஎஸ் கையில எடுத்தவங்க கம்மி. புரோட்டகால் எவ்ளோ அழகா இருந்தாலும், நைட் ஷிஃப்ட்ல இருக்கிற பிள்ளைக்கு எல்எஸ்பி படிக்கத் தெரியலன்னா அந்த அழகால யாருக்கும் லாபம் இல்ல.

ஏரியா பிரிக்கிறது பத்தி நீளமா பேச வேண்டாம். ஒரு டஜன் ரூட்டருக்கு ஏரியா பிரிக்காதீங்க. ஏபிஆர் (ரெண்டு ஏரியா எல்லைல நிக்கிற ரூட்டர்) வந்துட்டா அடுத்த ஏரியா டோபாலஜி உங்க டேட்டாபேஸ்ல இருந்து மறைஞ்சுடும், வெறும் டைப் 3 மட்டும்தான் மிஞ்சும், அவன் சொன்னதை நம்ப வேண்டியதுதான். ஓஎஸ்பிஎஃப்னா மொத்தமும் ஏரியா 0, ஐஎஸ்-ஐஎஸ்னா மொத்தமும் லெவல் 2 (ஏரியாக்களை இணைக்கிற அடுக்கு) மட்டும். சிஸ்கோ பெட்டி டிஃபால்ட்டா லெவல் 1, 2 ரெண்டும் ஓட்டும், அப்படியே விட்டா ஒவ்வொரு விஷயத்துக்கும் ரெண்டு டேட்டாபேஸ் பாக்கணும், அதை மாத்திடுங்க. உள்ளுக்குள்ளயும் பிஜிபியே (வேற வேற நெட்வொர்க்குகளுக்கு நடுவுல ரூட் பரிமாறுற புரோட்டகால்) ஓட்டலாமேன்னு கேப்பாங்க, ஆர்எஃப்சி 7938 அதுக்குத்தான் இருக்கு, ஆனா அது பெரிய லீஃப்-ஸ்பைன் டேட்டா சென்டருக்கு எழுதுனது, மூணு சைட் பேக்போனுக்கு அதை இழுக்க வேண்டாம்.

சரி, நம்ம கற்பனை நெட்வொர்க்குக்கு என் முடிவு. ஃபயர்வாலும் ரவுட்டிங்ல கலந்து பேசணும், ஐபிவி6 இப்போதைக்கு இல்ல, டீம்ல நாலு பேர்தான், நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற என்ஓசி வெளி ஆள்னா, யோசிக்காம ஓஎஸ்பிஎஃப்வி2, ஒரே ஏரியா, எல்லாம் பாயின்ட்-டு-பாயின்ட், ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் 400 கிக். ஆனா கோர்ல ரூட்டர் மட்டும் தனியா இருக்க முடியும், ஃபயர்வாலும் சென்னை டனலும் கோரோட பிஜிபி பேசினா போதும், ஐபிவி6 அடுத்த பட்ஜெட்ல இருக்கு, ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் எல்எஸ்பியைத் திறந்து படிச்சு விளக்கக்கூடிய ஒருத்தராவது இருக்காங்கன்னா, நான் ஐஎஸ்-ஐஎஸ்தான் போடுவேன். புதுசா கட்டுற கோருக்கு என் மனசு அந்தப் பக்கம்தான் சாயுது. ஒரு ரூட்டருக்கு ஒரே எல்எஸ்பி, பேரோட, ரெண்டு அட்ரஸ் ஃபேமிலியும் அதுக்குள்ளயே.

எதை எடுத்தாலும் வேலை தொடங்குறதுக்கு முன்னாடி டேட்டாபேஸை ஒரு காப்பி எடுத்து வைங்க. ஓஎஸ்பிஎஃப்ல "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப்" அடிச்சா ஏரியாவுக்கு எத்தனை எல்எஸ்ஏ, செக்சம் கூட்டுத்தொகை எவ்ளோன்னு காட்டும், ஒரே ஏரியால இருக்கிற எல்லா ரூட்டர்லயும் அது ஒண்ணா இருக்கணும், ஒருத்தன் மட்டும் வேற காட்டிட்டே இருந்தா அவன் டேட்டாபேஸ்ல கோளாறு. ஐஎஸ்-ஐஎஸ்ல எல்எஸ்பி வாரியா சீக்வென்ஸையும் செக்சமையும் ஒப்பிட்டுப் பாக்கணும், சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

ஓடிட்டு இருக்கிற ஓஎஸ்பிஎஃப்ல இருந்து ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கு மாறப் போறவங்களுக்கு: ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டலாம். சிஸ்கோவுல ஓஎஸ்பிஎஃப் டிஸ்டன்ஸ் (எது கம்மியோ அந்த புரோட்டகால் ரூட்டைத்தான் ரூட்டர் எடுத்துக்கும்) 110, ஐஎஸ்-ஐஎஸ் 115, அதனால ஐஎஸ்-ஐஎஸ் ஏத்தினாலும் ட்ராஃபிக் அசையாது. பகல்லயே நிதானமா எல்லா ரூட்டரோட எல்எஸ்பியும் வந்துருக்கா, ஒவ்வொரு லிங்க்கும் ரெண்டு பக்கமும் எழுதியிருக்கா, எல்லா லூப்பேக்கும் இருக்கான்னு பாத்துக்கோங்க. அப்புறம் ஒரு ராத்திரி விண்டோல ஐஎஸ்-ஐஎஸ் டிஸ்டன்ஸை 105ன்னு இறக்குங்க, எல்லா ரூட்டர்லயும் அதே விண்டோலயே, பாதி அதுலயும் பாதி இதுலயும்னு விட்டா லூப் ஆக வாய்ப்பிருக்கு. இறக்குன உடனே "ஷோ ஐபி ரூட் ஓஎஸ்பிஎஃப்" அடிங்க. அதுல இன்னும் எந்த ரூட் நிக்குதோ அதுதான் ஐஎஸ்-ஐஎஸ்ல நீங்க விட்டது. அந்த லிஸ்ட் காலி ஆகுற வரைக்கும் ஓஎஸ்பிஎஃப்பை எடுக்காதீங்க.